காத்திருந்த மரங்கள்: முதல் பாசனத்தைத் தள்ளிவைத்த ஒரு வால்நட் தோப்பின் நிகழ்வு ஆய்வு

ஒரே தோப்பு, ஒரே ரகம், ஒரே வயது மரங்கள். அறுவடை நெருங்கும்போது சில வரிசைகளில் இலை கரும்பச்சையாக இருக்கிறது. வேறு சில வரிசைகளில் பச்சை வெளுத்து மஞ்சள் தட்டியிருக்கிறது. எந்த வரிசைக்குத் தண்ணீரைக் குறைத்திருப்பார்கள் என்று கேட்டால், மரம் வளர்த்துப் பழகிய எவரும் வெளுத்த வரிசையைத்தான் காட்டுவார். நானும் அதைத்தான் காட்டியிருப்பேன். உண்மை தலைகீழ். வெளுத்த மரங்கள் வசந்தத்தின் தொடக்கத்திலிருந்தே குறைவின்றித் தண்ணீர் குடித்தவை. கரும்பச்சை மரங்கள் வாரக்கணக்கில் காக்கவைக்கப்பட்டவை.

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் வடக்கே, டெஹாமா கவுண்டியில், ரெட் பிளஃப் ஊரை ஒட்டிய ஒரு தோப்பில் 2014-இல் தொடங்கிய ஆய்வு இது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கென் ஷாக்கலும், அந்தப் பகுதிக்கான பல்கலைக்கழக வேளாண் ஆலோசகர்களும் சேர்ந்து நடத்தினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது: ஆண்டின் முதல் தண்ணீரை எந்த நாளில் திறப்பது? பாசனத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘எவ்வளவு’ என்பதைச் சுற்றியே நடக்கும். ‘எப்போது தொடங்குவது’ என்பதை யாரும் கேள்வியாகவே நினைப்பதில்லை. இலை விட்டாயிற்று, வெயில் ஏறுகிறது, வால்வைத் திறந்தாயிற்று என்று அது தானாக நடந்துவிடும். அந்தத் தானாக நடக்கும் காரியத்தை நிறுத்திக் கேள்வி கேட்டதுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

பருவமும் பழக்கமும்

அந்தப் பள்ளத்தாக்கில் மழை குளிர்காலத்துக்குரியது. நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பகுதி பெய்து முடிந்துவிடும். கோடையில் மழை என்பது அரிதான செய்தி. வால்நட் மரம் குளிரில் இலையின்றி உறங்கி, ஏப்ரலில் தளிர்க்கும். 1979-இல் அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘சாண்ட்லர்’ ரகம் அங்கே பரவலாகப் பயிராகிறது. அது சற்றுத் தாமதமாகத் தளிர்க்கும் ரகம். ஜூன் நடுவில் காய் முழுப் பருமனுக்கு வந்துவிடும். பிறகு ஓடு கெட்டிப்படும், ஜூலை ஆகஸ்டில் உள்ளே பருப்பு நிறையும், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. வளர்ந்த தோப்பு ஒன்று இந்தப் பருவம் முழுக்கச் சுமார் 1,000 மி.மீ. தண்ணீர் கேட்கும்.

இதில் ஒரு பங்கைக் குளிர்கால மழை ஏற்கெனவே மண்ணுக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆழமான வண்டல் மண் ஒரு மீட்டருக்குச் சுமார் 150 மி.மீ. தண்ணீரை மரத்துக்கு எட்டும்படி பிடித்து வைக்கும் என்று கொள்வோம். வேர் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தால் இருப்பு 300 மி.மீ. அதில் பாதியை மரம் சிரமமில்லாமல் எடுக்கலாம், அதாவது 150 மி.மீ. இளந்தளிர் காலத்தில் நாளொன்றுக்கு 2 அல்லது 3 மி.மீ., மே மாதத்தில் 4, 5 மி.மீ. என்று செலவழித்தால், ஏப்ரல் முழுதும் போய் மே மாதத்தின் நடுப்பகுதி வரை அந்த இருப்பே தாங்கும். நடுவில் ஒரு வசந்த மழை விழுந்தால் இன்னும் சில நாள்.

இந்தக் கணக்கு விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் ஏப்ரல் கடைசியிலேயே தண்ணீரைத் திறந்தார்கள். காரணம் சேமிப்பு மனப்பான்மை. ஆழத்தில் இருக்கும் ஈரத்தை இப்போதே செலவழித்துவிட்டால் ஜூலை வெயிலில் கைகொடுக்க எதுவும் இருக்காது. மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் அடியில் உள்ள இருப்பு அப்படியே நிற்கும் என்ற எண்ணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. மரத்தின் வேர் இந்த ஏற்பாட்டை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

இலையை அழுத்திக் கேட்பது

மரத்தின் நிலையை மரத்திடமே கேட்க ஒரு கருவி இருக்கிறது. அழுத்தக் கலம் என்று சொல்லலாம். வயல்களில் அதற்குப் ‘பிரஷர் பாம்’ என்று பெயர். அது என்ன அளக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இந்த ஆய்வின் முடிவுகளைப் படிப்பதில் பயனில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மரத்துக்குள் தண்ணீர் மேலேறுவது கீழிருந்து தள்ளப்பட்டு அல்ல, மேலிருந்து இழுக்கப்பட்டு. இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது, இலை தனக்குப் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால் அந்த இழுப்பு காம்பு, கிளை, தண்டு வழியாக வேர் நுனி வரை போகிறது. டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் 1894-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். மண் ஈரமாக இருந்தால் சிறு இழுப்பே போதும். மண் காயக் காய, அது தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். மரமும் அதைவிடக் கடுமையாக இழுக்க வேண்டும். ஆக, தண்டுக்குள் நீர் எவ்வளவு இறுக்கமாக இழுபட்டு நிற்கிறது என்று தெரிந்தால், மரம் படும் பாடு தெரிந்துவிடும்.

தெரிந்துகொள்ளும் வழிதான் நெடுங்காலம் எட்டவில்லை. டிக்சன் 1914-இல் கண்ணாடிக் கலத்துக்குள் இலையை வைத்து அழுத்திப் பார்த்தார், கண்ணாடி வெடித்தது. 1965-இல்தான், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் இருந்த பெர் ஸ்கோலாண்டர் உலோகக் கலத்தில் இதைச் சாதித்தார். உயர்ந்த மரங்களின் உச்சிக் கொப்புகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அவரது குழு அளந்தது.

செய்முறை இது. இலையைக் காம்போடு வெட்டியவுடன், இழுபட்டிருந்த நீர் வெட்டிய முனையிலிருந்து உள்ளே சுருங்கிப் போய்விடும், இழுத்து விட்ட ரப்பரைப் போல. இலையைக் கலத்துக்குள் வைத்து, காம்பின் வெட்டுமுனை மட்டும் மூடியின் ரப்பர் அடைப்பு வழியே வெளியே தெரியும்படி இறுக்க வேண்டும். பிறகு நைட்ரஜன் வாயுவை மெல்ல மெல்ல உள்ளே விட வேண்டும். உருப்பெருக்கியால் வெட்டுமுனையையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் வறண்ட வெட்டு சட்டென்று கருத்து நனையும். அந்த நொடியில் அளவி காட்டும் எண்தான் விடை. உள்ளே இழுத்துக்கொண்ட நீரை மறுபடி முனைக்குக் கொண்டுவர எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ, அவ்வளவு இழுப்பு மரத்துக்குள் இருந்தது. பார் என்ற அலகில் சொல்வார்கள். 10 பார் ஒரு மெகாபாஸ்கல். இழுப்பு என்பதால் முன்னால் கழித்தல் குறி போட்டு எழுதுவது வழக்கம். இங்கே குறியை விட்டுவிட்டு ‘இழுவிசை’ என்றே சொல்கிறேன்: எண் பெரிதானால் தாகமும் பெரிது.

ஒரு நுட்பம் இதில் மிக முக்கியம். வெயிலில் ஆடும் இலையை அப்படியே பறித்து அளந்தால், அது அந்த ஒரு இலையின் கதையைத்தான் சொல்லும். ஒரு மேகம் கடந்தாலே எண் மாறும். அதனால் அளப்பதற்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, தண்டுக்குப் பக்கத்தில் நிழலில் உள்ள இலையை அலுமினியத் தாள் பூசிய பைக்குள் மூடிவிடுவார்கள். பைக்குள் நீராவி போக்கு நின்றுவிடும். போக்கு நின்ற இலை தான் ஒட்டியிருக்கும் கிளையோடு சமநிலைக்கு வந்துவிடும். அப்போது அந்த இலை தண்டின் ஜன்னல் போல ஆகிறது. வால்நட்டில் கூட்டிலையின் நுனிச் சிற்றிலையை இப்படி மூடுவது வழக்கம். 1992-இல் ஷாக்கலும் அவரது சக ஆய்வாளர் மெக்கட்சனும் உலர்பிளம் மரங்களில் செய்த ஆய்வு, மூடிய இலையில் அளக்கும் தண்டு இழுவிசை மூடாத இலை அளவைவிட மரத்தின் நீர்நிலையை நுட்பமாகக் காட்டுகிறது என்று நிறுவியது. பழத்தோட்டங்களில் இன்று அழுத்தக் கலம் புழங்குவதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அளக்கும் நேரம் நண்பகல் தாண்டி, சுமார் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை. அன்றைய இழுப்பு உச்சத்தில் நிலையாக நிற்கும் வேளை அதுதான்.

வெறும் எண் போதாது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கருவி 6 பார் என்று காட்டுகிறது. மரம் தவிக்கிறதா, நன்றாக இருக்கிறதா?

இரண்டும் இருக்கலாம். வேரடி முழுக்க ஈரத்தில் இருக்கும் மரமும், வறண்ட காற்று வீசும் கடும் வெயில் நாளில் வேகமாக நீரை இழக்கும், அதற்கேற்ப இழுக்கும். மிதமான வசந்த நாளில் நன்றாக நீர் குடித்த வால்நட் மரம் சுமார் 4 பார் காட்டினால், கொளுத்தும் நாளில் அதே மரம் 6 பார் அளவுக்குப் போகும். மண் மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது. ஆகவே அன்றைய வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் வைத்து, ‘மண்ணில் நீருக்குக் குறையே இல்லாத மரம் இன்று எவ்வளவு காட்டும்’ என்று முதலில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் இதைப் ‘பேஸ்லைன்’ என்கிறார்கள். நிறைநீர் அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பயிருக்கும் இதற்கான அட்டவணையைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. மரம் காட்டும் எண்ணுக்கும் நிறைநீர் அளவுக்கும் உள்ள இடைவெளிதான் மண்ணின் குறையைச் சொல்வது. 6 பார் காட்டும் மரம், நிறைநீர் அளவு 6 ஆக இருக்கும் நாளில் ஒரு குறையும் இல்லாத மரம். நிறைநீர் அளவு 4 ஆக இருக்கும் நாளில், அது 2 பார் தாகத்தில் இருக்கிறது.

என் பார்வையில் இந்த முழு முறையின் உயிர் இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது. கருவியை வாங்கிய சிலர், இந்தக் கணக்கைச் செய்யாமல், ஒரு வெயில் நாளின் எண்ணைப் பார்த்துப் பதறித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கருவி இல்லாதவர் செய்யும் தவறையே கருவியோடு செய்வதாகும் அது.

தோப்பில் செய்தது

ரெட் பிளஃப் ஆய்வில் மரங்களைப் பிரிவுகளாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அந்தத் தோப்பின் வழக்கப்படியே தண்ணீர் தொடங்கியது. ஒப்பீட்டுக்கான மரங்கள் அவை. மற்றப் பிரிவுகளில் காலண்டரைப் பார்க்கவில்லை. மரத்தின் இழுவிசை அன்றைய நிறைநீர் அளவைத் தாண்டி 1 பார் ஏறும்வரை ஒரு பிரிவு காத்திருந்தது. இன்னொன்று 2 பார், அடுத்தது 3, கடைசி 4. அந்த எல்லையைத் தொட்ட பிறகே அதற்கு முதல் தண்ணீர்.

வழக்கப்படி ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டிய பாசனம் மே மாதத்துக்குள் நன்றாகத் தள்ளிப்போனது. கூடுதல் எல்லை வைத்த பிரிவுகளில் ஜூன் வரைகூடப் போனது. அந்த வாரங்களை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். சுற்றியுள்ள தோப்புகளில் நுண்தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருக்கும். மேல்மண் காலடியில் தூளாகும். மரத்தில் பிஞ்சு வளர்ந்துகொண்டிருக்கும். கையில் ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வால்வைத் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய மனத்திடம் வேண்டும். மரம் வளர்ப்பவருக்குத் தண்ணீர் ஊற்றுவது பாசத்தின் செயல். ஊற்றாமல் இருப்பது கைவிட்டது போலத் தோன்றும். அந்தத் தயக்கத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். இந்த ஆய்வு ஒரே ஆண்டில் முடியாமல் தொடர்ந்ததும் அதனால் முக்கியம்: ஓராண்டு பலன் தற்செயலாக இருக்கலாம், அதை நம்பி யாரும் தோப்பைப் பணயம் வைக்கமாட்டார்கள்.

பலன் என்ன? கோடை ஏறும்போது ஒப்பீட்டு மரங்கள் வெளுக்கத் தொடங்கின, காத்திருந்த மரங்கள் பச்சையாக நின்றன என்று தொடக்கத்தில் சொன்னேன். அதைவிட வியப்பான முடிவு ஒன்று அழுத்தக் கலத்திலேயே தெரிந்தது. அறுவடை நேரத்தில் அளந்தபோது, முன்கூட்டியே தொடங்கி அதிகத் தண்ணீர் பெற்ற மரங்கள் அதிகத் தாகத்தில் இருந்தன. தாமதமாகத் தொடங்கிக் குறைந்த தண்ணீர் பெற்ற மரங்கள் குறைந்த தாகத்தில் இருந்தன. விளைச்சல் நட்டமின்றி, ஆண்டின் மொத்தத் தண்ணீரில் மிச்சம் கிடைத்தது. நிறைநீர் அளவைத் தாண்டி 2 முதல் 3 பார் வரை காத்திருந்து முதல் பாசனத்தைத் தொடங்கலாம் என்பது இதிலிருந்து பிறந்த பரிந்துரை.

தண்ணீர் குடித்த மரம் ஏன் தவித்தது

ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் வேரைப் பற்றியது. வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் துளைகளில் காற்று இருந்தால்தான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கும். துளைகள் நீரால் நிறைந்துவிட்டால், ஆக்சிஜன் நீர் வழியே ஊடுருவித்தான் வர வேண்டும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவும். குளிர்கால மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணில், மரம் இன்னும் அதிகம் உறிஞ்சாத ஏப்ரல் மாதத்தில், மேலும் தண்ணீரை ஊற்றினால் ஆழத்து மண்ணுக்குக் காற்று கிடைக்கும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. புது நுண்வேர்கள் இறங்க வேண்டிய நேரத்தில் அந்த ஆழம் மூச்சுமுட்டிக் கிடக்கிறது.

வால்நட் இதில் மிகவும் மென்மையான மரம். நீர் தேங்குவதை அது தாங்காது. ஒட்டுக்கட்டும்போது அடியில் வேர்ச்செடியாகப் பயன்படும் கருப்பு வால்நட்டும், கருப்பு வால்நட்டையும் சாதாரண வால்நட்டையும் கலந்த ‘பாரடாக்ஸ்’ கலப்பினமும் ஈரம் மிகுந்த மண்ணில் பைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கு ஆளாகக் கூடியவை. ஆழத்தில் வேர் குறைந்த மரம், ஜூலையில் வெயில் உச்சத்துக்கு வரும்போது, மேலே உள்ள சிறு மண்டலத்தை மட்டும் நம்பி நிற்கிறது. எத்தனை முறை ஊற்றினாலும் அந்தச் சிறு மண்டலம் இரண்டொரு நாளில் காய்கிறது. காக்கவைத்த மரமோ தன் இருப்பை உண்டு, மண்ணைக் காற்றோட்டமாக்கி, ஆழத்தில் வேரைக் காப்பாற்றிக்கொண்டு கோடைக்குள் நுழைகிறது. சேமித்து வைக்க வேண்டியது ஆழத்து ஈரத்தை என்று விவசாயி எண்ணினார். காப்பாற்றியிருக்க வேண்டியது அதை எடுக்கும் வேரை.

இலை வெளுத்ததற்கும் இதுவே போதுமான காரணம். வேர் கெட்ட மரம் நீரோடு சத்தையும் இழக்கிறது. அந்த வெளுப்பைப் பார்த்து இன்னும் தண்ணீர் வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இதில் உள்ள பெரிய கொடுமை. நோயே மருந்தாகத் தோன்றுகிறது.

எழுந்த தயக்கங்கள்

உரம் பற்றிய கேள்வி முதலில் வரும். நைட்ரஜனைப் பாசன நீரோடு கொடுப்பவர்கள், தண்ணீர் தள்ளிப்போனால் உரமும் தள்ளிப்போகுமே என்று கவலைப்படுவார்கள். வால்நட் மரம் இளவசந்தத்தில் தன் கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைத்த நைட்ரஜனைக் கொண்டுதான் தளிர்க்கிறது. மண்ணிலிருந்து பெரிதாக எடுப்பது மே மாதத்தில்தான் தொடங்கும். ஏப்ரலில் கொடுத்த உரம் ஊறிய மண்ணில் கீழே இறங்கிப் போவதற்கே அதிக வாய்ப்பு.

காய்ப் பருமன் பற்றிய கவலை இன்னும் கனமானது. ஜூன் நடுப்பகுதி வரை காய் பெருக்கும் காலம் என்பதால் அப்போது கடும் தாகம் வந்தால் காய் சிறுக்கும். பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல்படி வால்நட்டுக்கு 4 முதல் 6 பார் வரை லேசான நிலை. 6 முதல் 8 வரை தளிர் வளர்ச்சி தளரத் தொடங்கும். 8-ஐத் தாண்டி 10 வரை போனால் காய்ப் பருமனும் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் பாதிக்கப்படலாம். 10-க்கு மேல் இலை வாடும், உதிரவும் செய்யும். 2, 3 பார் காத்திருப்பு மரத்தை இந்தப் படிகளில் ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. 2 பாருக்கும் 6 பாருக்கும் வித்தியாசம் தெரியாமல், ‘காயப் போட்டால் நல்லது’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவருக்குத்தான் ஆபத்து. கருவி இல்லாமல் இந்த முறையைப் பின்பற்றக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உண்மையான வரம்புகளும் உண்டு. மணல் மண்ணிலும், கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும் மண்ணிலும் இருப்பு சிறியது; அங்கே எல்லை சீக்கிரமே வந்துவிடும். இளங்கன்றுகளுக்கு வேர் ஆழமில்லை. குளிர்கால மழை பொய்த்த ஆண்டில் மண் நிறைந்தே இருக்காது. இந்த மூன்றிலும் மரத்தின் இழுவிசை சீக்கிரம் ஏறி, கருவியே முன்கூட்டித் தொடங்கச் சொல்லிவிடும் என்பது ஆறுதல். கருவி சொல்லாதது ஒன்று இருக்கிறது: பாசன அமைப்பின் திறன். ஜூலை உச்சத்தில் மரம் கேட்கும் அளவை நாள்தோறும் கொடுக்க முடியாத சிறிய மோட்டார் உள்ளவர், தாமதமாகத் தொடங்கினால் பின்னால் விட்டதைப் பிடிக்க முடியாமல் போகலாம். அவர் தன் எல்லையைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்வதே விவேகம்.

பாதாமில் இன்னொரு முகம்

இதே பள்ளத்தாக்கில், இதே கருவி, வேறொரு பயிரில் வேறொரு வேளையில் காத்திருக்கச் சொல்கிறது. பாதாம் காயின் மேல்தோல் கோடையில் பிளக்கும். தண்ணீரும் நைட்ரஜனும் மிகுந்த தோப்பில் பிளந்த தோலுக்குள் ரைசோபஸ், மோனிலினியா பூஞ்சைகள் குடியேறி, அவற்றின் நஞ்சு சிறுகிளைகளையும் காயவைக்கும். தோல் அழுகல் என்று அதற்குப் பெயர். பிளப்பு தொடங்கியதும் சுமார் இரண்டு வாரத்துக்குத் தண்ணீரைக் குறைத்து, இழுவிசையை 14 முதல் 18 பாருக்குள் நிறுத்தினால் நோய் வெகுவாகக் குறைகிறது. காய்களும் ஒன்றுபோலப் பிளக்கின்றன.

14 பார்! வால்நட்டில் அந்த எண்ணைக் கண்டால் இலைகள் கொட்டியிருக்கும். பாதாமுக்கு அது மிதமான பயிற்சி. வால்நட்டின் இலைக்காம்புகள் மரத்தின் மற்றப் பகுதிகளைவிட எளிதில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொள்பவை என்று 1993-இல் பிரான்ஸில் நடந்த ஒரு ஆய்வு காட்டியது. கடும் வறட்சியில் இலையைத் தியாகம் செய்து கிளையைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. எனவே ஒரு பயிரின் எண்ணை இன்னொரு பயிருக்குத் தூக்கிப் போடவே கூடாது. கருவி பொதுவானது, பொருள் மரத்துக்கு மரம் வேறு.

மற்ற வழிகள்

மண் ஈர உணரிகள் பயனுள்ளவை. ஆனால் அவை புதைத்த இடத்தின் நிலையைத்தான் சொல்லும். ஒரு மரத்தின் வேர் பரவும் பல கன மீட்டரில் ஒரு முழங்கை அளவுக்கு அது சாட்சி. அழுத்தக் கலத்தோடு சேர்த்து வைத்தால் நல்ல துணை: மரம் தாகம் என்கிறது, ஆழத்து உணரியோ ஈரம் என்கிறது என்றால், வேரில் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டிய நேரம் அது. வானிலையை வைத்து நீராவிப்போக்கைக் கணக்கிடும் முறைக்குக் கலிஃபோர்னியாவில் 1982 முதல் ‘சிமிஸ்’ எனப்படும் வானிலை நிலையங்களின் வலையமைப்பு உதவுகிறது. அது மரம் எவ்வளவு செலவழித்திருக்கும் என்று சொல்லும், மண்ணில் எவ்வளவு மீதி என்று சொல்லாது. தண்டின் விட்டம் பகலில் சுருங்கி இரவில் விரிவதை அளக்கும் டென்ட்ரோமீட்டர், இலைப்பரப்பின் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமரா, தண்டுக்குள்ளேயே பதித்து இழுவிசையை இடைவிடாமல் சொல்லும் நுண் டென்சியோமீட்டர் என்று புதியவையும் வந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னதில் எனக்கு ஆர்வம் அதிகம். பிற்பகல் வெயிலில் நின்று இலை இலையாக அளக்கும் உழைப்பை அது மிச்சப்படுத்தும். அதுவரை இந்தப் பழைய கலமே மற்ற எல்லாவற்றையும் சரிபார்க்கும் அளவுகோல்.

வயலில் கடைப்பிடிப்பது

தோப்பில் ஒரே மண், ஒரே வயது உள்ள பகுதிக்கு 5 முதல் 10 மரங்களைத் தேர்ந்து அடையாளமிட்டு, ஒவ்வொரு முறையும் அதே மரங்களையே அளக்க வேண்டும். நோயுற்றவையும், பக்கத்து மரம் விழுந்து வெற்றிடமான இடத்தில் நிற்பவையும் வேண்டாம். தளிர்த்து இலை விரிந்ததிலிருந்து வாரம் ஒருமுறை, எல்லை நெருங்கும்போது வாரம் இருமுறை. அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வெட்டிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வெட்டிய நிமிடத்துக்குள் கலத்துக்குள் போக வேண்டும். வெட்டுமுனையில் நுரைக்கும் குமிழியை நீரென்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கலத்துக்கு நேர் மேலே முகத்தை வைத்துப் பார்க்காமல், கண்ணாடி அணிந்து, சற்று விலகி நின்று பார்ப்பது அவசியம். வாயு உருளை இல்லாமல் கையால் பம்ப் அடிக்கும் வகையும் கிடைக்கிறது; வால்நட்டின் அளவுகள் சிறியவை என்பதால் அதுவே போதும்.

முதல் தண்ணீர் கொடுத்த பிறகு அளப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த அளவைத்தான் நான் மிகவும் ஆவலோடு எதிர்பார்ப்பேன். இரண்டொரு நாளில் இழுவிசை இறங்கி நிறைநீர் அளவை நெருங்கினால், வேர் வேலை செய்கிறது. அடுத்த தண்ணீருக்கான நாளை எண்ணத் தொடங்கலாம். தண்ணீர் கொடுத்தும் எண் இறங்காமல் அப்படியே நின்றால், வால்வை மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போய், ஒரு முழ ஆழம் தோண்டி, நுண்வேர்களைக் கையில் எடுத்து அவை வெளுப்பாக இருக்கின்றனவா, கருத்துக் குழைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.